பன்னிரண்டு வயதும் ஒரு பொய்யும்: வியன்னா சிறுமி ஒருத்தி உயிர் பிழைத்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் நோக்கம்

1931இல் வியன்னாவில் பிறந்த யூதச் சிறுமி ஒருத்தி தெரேசியன்ஸ்டாட், ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ், கிறிஸ்டியான்ஷ்டாட் ஆகிய மூன்று நாஜி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தாள். 1945 பிப்ரவரியில் தப்பினாள். 1947 அக்டோபரில் நியூயார்க்கில் குடியேறினாள். பிற்காலத்தில் தமக்கு நடந்ததை அவர் பொதுவெளியில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். அவருடைய பெயரையும் குடும்பத்தார் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். நடந்தவற்றைக் கால வரிசையில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது, அவர் அதைக் கொண்டு என்ன செய்தார் என்று பார்ப்பதே நோக்கம்.

இத்தகைய வரலாறுகளை மனவலிமையின் வெற்றியாக எடுத்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. போர்க்காலத்தில் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். அவர்களுக்கு மனவலிமை குறைவாக இருந்ததால் இறந்தார்கள் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். ஆனால் பிழைத்த ஒருத்தியின் மன உறுதியை மட்டும் புகழும்போது அந்தப் பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சிறுமியே பெரியவரான பின்பு அப்படிப்பட்ட புகழ்ச்சியை ஏற்றுக்கொண்டதில்லை.

பின்னணி: 1938 வரை

தந்தை மகப்பேறு மருத்துவர். தாய்க்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணத்தில் பிறந்த மகன் பிராக் நகரில் தன் தந்தையோடு வளர்ந்தான். வியன்னாவில் அப்போது ஏறத்தாழ 1,70,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். மருத்துவர்களிலும் வழக்கறிஞர்களிலும் அவர்களுடைய பங்கு பெரிது. ஜெர்மன்தான் வீட்டு மொழி. சிறுமி பள்ளிக்குப் போகும் முன்பே ஜெர்மன் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லக் கற்றிருந்தாள்.

1938 மார்ச் 12 அன்று ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அவளுக்கு ஆறு வயது.

கவனிக்கப்பட்டவை: வியன்னா, 1938 முதல் 1942 வரை

முகாம்களைப் பற்றிப் பேசும் அவசரத்தில் இந்த நான்கு ஆண்டுகளை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் சிறுமியின் வாழ்க்கை இங்கேதான் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டது. பூங்காவில் உட்காரக்கூடாது. நீச்சல் குளம் கிடையாது. திரையரங்கம் கிடையாது. யூதக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட, பள்ளி விட்டுப் பள்ளி மாறிக்கொண்டே இருந்தாள். வகுப்பில் ஒவ்வொரு வாரமும் சில இடங்கள் காலியாகும். அந்தப் பிள்ளைகள் வெளிநாடு போனார்களா, பிடித்துச் செல்லப்பட்டார்களா என்று ஆசிரியரும் சொல்வதில்லை. விளையாட மிஞ்சியிருந்த திறந்தவெளி யூதக் கல்லறைத் தோட்டம் மட்டுமே.

எட்டு வயதில் ஒருநாள், தடையை மீறி, குழந்தைகளுக்கான படம் ஒன்றைப் பார்க்கத் தனியாகத் திரையரங்கத்துக்குப் போனாள். பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவள் அதே தெருவின் ரொட்டிக்கடைக்காரர் மகள். படம் முடிந்ததும் அந்த இளம்பெண் அவளை நிறுத்தி, இன்னொரு முறை வந்தால் காவல்துறையிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினாள். சட்டத்தை அரசு எழுதியது; அதை நாள்தோறும் நடைமுறைப்படுத்தியவர்கள் பக்கத்து வீட்டார்.

1941 செப்டம்பரில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் அனைவரும் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நட்சத்திரம் அணிந்து நகர ரயிலில் போனபோது, வண்டி சுரங்கத்துக்குள் இருளில் ஓடிய நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவர் அவள் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் திணித்தார். வெளிச்சம் வருவதற்குள் அது பைக்குள் போய்விட்டது. இதை நெகிழ்ச்சியான சம்பவமாகச் சொல்லலாம். சிறுமிக்கோ அந்த வயதிலேயே இரண்டு உணர்வுகள் இருந்தன: ஒருவர் தன்னைக் கவனித்தார் என்பதில் ஒரு மகிழ்ச்சி, இரக்கத்துக்குரிய பொருளாக ஆகிவிட்டோமே என்பதில் ஒரு கூச்சம். இருளில் கொடுத்த பழத்தால் அவளுடைய நிலையில் எதுவும் மாறவில்லை. பின்னால் வரப்போகும் இன்னொரு அந்நியரின் செயலோடு இதை ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் முடிவு: தந்தை முன்னால் போனார்

சட்டவிரோதக் கருக்கலைப்பு செய்ததாகக் குற்றஞ்சாட்டித் தந்தையைக் கைது செய்தார்கள். உடனே நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுவித்தார்கள். அவர் இத்தாலிக்கும் பிறகு பிரான்சுக்கும் போனார். கடைசியாகத் தந்தையைப் பார்த்தபோது அவளுக்கு எட்டு வயது.

தாயும் மகளும் ஏன் கூடவே போகவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, நாட்டை விட்டு வெளியேறுவோரிடம் சொத்தில் நான்கில் ஒரு பங்கைப் பிடுங்கும் வெளியேற்ற வரி. 1931இல் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் ஜெர்மனியில் மூலதனம் வெளியேறாமல் தடுக்கக் கொண்டுவந்த இந்த வரியை, நாஜிகள் யூதர்களை உரித்தெடுக்கும் கருவியாக்கினார்கள். வரி பாக்கி இல்லை என்ற சான்று இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது. 1938 ஆகஸ்டில் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் வியன்னாவில் தொடங்கிய குடியேற்ற அலுவலகம் இந்த வேலைகளையெல்லாம் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. சொத்தோடு உள்ளே நுழைந்தவர் பாஸ்போர்ட்டும், குறித்த நாளுக்குள் வெளியேறும்படியான உத்தரவும் மட்டுமே கையில் கொண்டு வெளியே வந்தார். இரண்டாவது காரணம், ஆண்களுக்குத்தான் ஆபத்து, பெண்களையும் குழந்தைகளையும் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அதுவரை நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் அது அறிவற்ற நம்பிக்கை அல்ல. 1938 நவம்பரில் யூதர்கள்மீது நடந்த கலவரத்தின்போது முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆண்கள்தான்.

இரண்டாம் முடிவு: தாய் மறுத்த பயணம்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இதுதான். தந்தை போன பிறகு, யூத சமூக அலுவலகத்தில் ஓர் இளைஞர் தாயிடம் கேட்டார்: மகளை மட்டும் தனியாகப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பச் சம்மதமா, இதுதான் கடைசி வாய்ப்பு. தாய் மறுத்துவிட்டார். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது என்றார். பக்கத்தில் நின்ற சிறுமிக்குப் போக ஆசை. அவளை யாரும் கேட்கவில்லை.

பின்னால் நடந்ததை அறிந்தவர்கள் இந்தத் தாயைக் குறை சொல்வது எளிது. அன்று அவருக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கூட்டக் கொலை அப்போது தொடங்கியிருக்கவில்லை. சோவியத் நாட்டின்மீது படையெடுத்த 1941 கோடையில்தான் அது தொடங்கியது. கணவர் அந்நிய நாட்டில். மகன் பிராக்கில், எட்டாத தூரத்தில். மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையையும் கடல் கடந்து அனுப்பு என்றார்கள். அவர் வேறு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்கப்பட வேண்டியது அந்த வாய்ப்பை வடிவமைத்த விதத்தைப் பற்றித்தான். 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பர் வரை ஏறத்தாழ 10,000 குழந்தைகளைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. பெற்றோரை ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1939இல் 20,000 குழந்தைகளை ஆண்டுக் குடியேற்ற ஒதுக்கீட்டுக்கு வெளியே அனுமதிக்க வேண்டும் என்று கொண்டுவந்த வாக்னர்-ரோஜர்ஸ் மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து அமெரிக்கா வைத்திருந்த ஆண்டு ஒதுக்கீடு 27,370. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசின. அனுதாபம் தெரிவிக்காத நாடு இல்லை, ஆனால் டொமினிக்கன் குடியரசைத் தவிர யாரும் கதவைக் குறிப்பிடும்படி திறக்கவில்லை. 1939 மே மாதம் பிரிட்டன் பாலஸ்தீனக் குடியேற்றத்தை ஐந்து ஆண்டுகளுக்கு 75,000 பேர் என்று சுருக்கியது. இவ்வளவு கதவுகளும் மூடிய பிறகு, குழந்தையைப் பிரிந்தால் குழந்தை பிழைக்கும் என்ற ஒரு வழியை மட்டும் விட்டுவைத்து, அதில் தவறாகத் தேர்ந்தெடுத்தாள் என்று ஒரு தாயின்மீது பழி வைப்பது நியாயமாகாது.

1941 அக்டோபரில் யூதர்கள் வெளியேறுவதையே நாஜி அரசு தடை செய்தது.

தெரேசியன்ஸ்டாட்: 1942 செப்டம்பர் முதல் 1944 மே வரை

தாய் யூத மருத்துவமனையில் வேலை பார்த்ததால் முகாமுக்கு அனுப்பப்படும் முறை அவர்களுக்குச் சற்றுத் தள்ளிப்போனது. 1942 செப்டம்பரில் அதுவும் முடிந்தது. பிராக் நகருக்கு வடக்கே, முன்பு ஏழாயிரம் பேர் வாழ்ந்த கோட்டை நகரான தெரேசியன்ஸ்டாட்டில் அந்த மாதம் ஏறத்தாழ 58,000 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். தந்தைவழிப் பாட்டி அங்கே இறந்தார்.

சிறுமி தாயைப் பிரிந்து எல் 414 என்ற சிறுவர் இல்லத்தில் வைக்கப்பட்டாள். பசி, மூட்டைப்பூச்சி, இரவெல்லாம் நெரிசல். இருந்தாலும், வியன்னாவில் தனித்து விடப்பட்டிருந்த குழந்தைக்கு இங்கேதான் தோழிகள் கிடைத்தார்கள். பாடம் நடத்தத் தடை இருந்தது. ஆனால் சிறையிலிருந்த பேராசிரியர்களும் ஆசிரியர்களும் பிள்ளைகளை மாடிப் பரணில் உட்காரவைத்து மறைவாகக் கற்பித்தார்கள். பெர்லினின் புகழ்பெற்ற யூத மதகுரு லியோ பேக் பைபிளின் படைப்புக் கதையையும் நவீன அறிவியலையும் பற்றிப் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். பட்டினியில் இருப்பவர்களுக்குப் பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிர்கெனாவில் மணிக்கணக்கில் வெயிலில் நிற்கவைத்துத் தலை எண்ணும்போது, மனப்பாடமான செய்யுள்களை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டுதான் அவள் நின்றாள். அவை அவளைக் காப்பாற்றவில்லை, நிற்க உதவின.

பிராக்கிலிருந்த அண்ணனும் இதே நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டு லாத்வியாவின் ரீகாவுக்கு அனுப்பப்பட்டான். அங்கே சுட்டுக் கொன்றார்கள்.

பிர்கெனாவ்: 1944 மே முதல் ஜூலை வரை

தெரேசியன்ஸ்டாட்டைப் பார்வையிடச் செஞ்சிலுவைச் சங்கம் வரப்போகிறது என்று முடிவானதும், நகரம் நெரிசலாகத் தெரியக்கூடாது என்பதற்காக 1944 மே நடுவில் மூன்று ரயில்களில் 7,503 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். தாயும் மகளும் அவர்களில் இருந்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது பிர்கெனாவின் ‘குடும்ப முகாம்’. இங்கே வந்தவுடன், வேலைக்கு யார், சாவுக்கு யார் என்று பிரிக்கும் தேர்வை நடத்தவில்லை, தலையை மழிக்கவில்லை, குழந்தைகளை வாயு அறைக்கு அனுப்பவில்லை. வெளியிலிருந்து யாராவது கேட்டால் காட்டுவதற்காக வைத்திருந்த முகாம் அது. 1943 செப்டம்பரில் வந்த முதல் குழுவினரில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 3,800 பேரை ஆறு மாதம் முடிந்ததும், 1944 மார்ச் 8 இரவு ஒரேயடியாகக் கொன்றார்கள். மே மாதம் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. முதல் இரவிலேயே தாய், இருவரும் சேர்ந்து உயிரை விட்டுவிடலாம் என்றார். மகள் மறுத்தாள். தாயும் அதைப் பிறகு வற்புறுத்தவில்லை.

அதே நாட்களில் தாய் இன்னொரு முடிவெடுத்தார். தெரேசியன்ஸ்டாட்டிலிருந்து வந்த, யாருமற்ற ஒரு பெண்ணைத் தன் மகளாகச் சேர்த்துக்கொண்டார். இரண்டு வயிற்றுக்கே ரொட்டி இல்லாத இடத்தில் மூன்றாவதாக ஒருத்தியை ஏற்றுக்கொண்டதை அவர் ஒருநாளும் பெரிதாகப் பேசியதில்லை. அந்தப் பெண்ணும் பிழைத்தாள்.

ஜூன் 23 அன்று செஞ்சிலுவைப் பிரதிநிதி, வர்ணம் பூசி அலங்கரித்த தெரேசியன்ஸ்டாட்டைச் சுற்றிப் பார்த்தார். இங்கிருந்து யாரும் வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை, இதுவே இறுதி முகாம் என்று எழுதினார். ஆகவே பிர்கெனாவைப் பார்க்க வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. காட்சிக்காக வைத்திருந்த குடும்ப முகாம் இனித் தேவையில்லை என்றாயிற்று.

ஜூலைத் தொடக்கத்தில் தேர்வு நடந்தது. 15 முதல் 45 வயது வரையுள்ள, உழைக்கத் தக்க பெண்கள் வேலை முகாமுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு என்ன நடக்கும் என்று யாரும் அறிவிக்கவில்லை. கொட்டகைக்குள் இரண்டு வரிசைகள். ஒவ்வொன்றின் முனையிலும் முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் ஓர் அதிகாரி, பக்கத்தில் எண்களைக் குறித்துக்கொள்ள ஒரு கைதி.

தாய் மகளிடம் பதினைந்து என்று சொல்லச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வயதும் மெலிந்த உடலும் கொண்ட குழந்தைக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. உண்மை வயதைச் சொன்னாள். தள்ளிவிட்டார்கள். தாய் தேர்வாகியிருந்தார்.

தாய் விடவில்லை. இன்னொரு வரிசை இருக்கிறது, திரும்பப் போ, வயதை மாற்றிச் சொல் என்றார். கொட்டகையின் பின்பக்கமாக நுழைந்து அவள் மறுபடி வரிசையில் நின்றாள். பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும். இந்த வரிசையில் எண் குறித்துக்கொண்டிருந்தவர் இருபது வயதுகூட நிரம்பாதவர்போலத் தோன்றிய ஓர் இளம்பெண், அவரும் கைதி. சிறுமி முன்னால் வந்ததும் அவர் தன் இடத்தை விட்டு அவள் அருகே வந்தார். வயது என்ன என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பதில் கேட்டதும், பதினைந்து என்று சொல் என்றார்.

சிறுமி பதினைந்து என்றாள். சிறியவளாக இருக்கிறாளே என்றார் அதிகாரி. அந்த இளம்பெண் குறுக்கிட்டு, இவள் உடல்வாகு உறுதியானது, கால் தசையைப் பாருங்கள், வேலை செய்வாள் என்றார். அதிகாரி ஒப்புக்கொண்டார். எண் பட்டியலில் ஏறியது.

அந்தக் கைதியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். எஸ்.எஸ். அதிகாரியின் கருத்துக்கு எதிராகப் பேசுவது அவருடைய உயிருக்கே ஆபத்து. சிறுமியை அவருக்கு அதற்கு முன் தெரியாது. கைம்மாறாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. யாரும் அவரிடம் உதவி கேட்கவும் இல்லை. வியன்னாவில் ஆரஞ்சு கொடுத்தவருக்கு அந்தச் சுரங்க இருட்டு பாதுகாப்பாக இருந்தது. இவர் பட்டப்பகலில், அதிகாரியின் கண்ணெதிரே பேசினார். அவர் யார், பிழைத்தாரா என்பது இந்தச் சிறுமிக்குக் கடைசிவரை தெரியவரவில்லை.

தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதையும் யாரையும் சந்தேகிக்கும் இயல்புடையவர் அவர். சாதாரண வாழ்க்கையில் அந்த இயல்பு மகளுக்கு ஓயாத தொல்லை. ஆனால் நல்லதையே எதிர்பார்த்தவர்கள் தயங்கி நின்ற இடத்தில், கெட்டதை மட்டுமே எதிர்பார்த்த அவர் உடனே புரிந்துகொண்டார். வியன்னாவில் மகளைப் பிரிய மறுத்த அதே பிடிவாதம் இங்கே அவளை இரண்டாம் முறை வரிசையில் நிறுத்தியது. இரண்டையும் தனித்தனியாக எடுத்து, ஒன்றைத் தவறென்றும் மற்றதைச் சரியென்றும் மதிப்பெண் போட என்னால் முடியவில்லை.

குடும்ப முகாமிலிருந்து ஏறத்தாழ 3,500 பேர் வேலைக்குத் தேர்வானார்கள். எஞ்சிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஜூலை 10க்கும் 12க்கும் இடையில் வாயு அறைகளில் கொன்றார்கள். பன்னிரண்டு வயதுதான் என்று உண்மையைச் சொன்ன மற்ற சிறுமிகள் அவர்களோடு போனார்கள்.

கிறிஸ்டியான்ஷ்டாட், தப்பித்தல்

இன்று போலந்தில் உள்ள கிறிஸ்டியான்ஷ்டாட், குரோஸ்-ரோசன் முகாமின் கிளைகளில் ஒன்று. வெடிமருந்துத் தொழிற்சாலைக்காக யூதப் பெண்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். சிறுமி காட்டில் மரவேர் தோண்டினாள், தண்டவாளம் சுமந்தாள். குளிர்காலத்தில் மெல்லிய உடையோடு செய்த இந்த வேலை அவளைவிட வலுவானவர்களையும் சாய்த்தது.

1945 பிப்ரவரியில் சோவியத் செம்படை நெருங்கியதும் கைதிகளை மேற்கு நோக்கி நடத்திச் சென்றார்கள். விழுந்தவர்களைச் சுட்ட அந்தப் பயணங்களுக்குப் பின்னாளில் மரண நடை என்று பெயர் வந்தது. ஓர் இரவு ஆறு பெண்கள் நழுவிவிட முடிவெடுத்தார்கள். இம்முறை தயங்கியவர் தாய், துணிந்தவர்கள் இளையவர்கள்.

அப்போது ஜெர்மனியின் கிழக்குப் பகுதியாக இருந்த சைலீசியாவிலிருந்து லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் மூட்டை முடிச்சோடு மேற்கே ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அடையாளத்தை மறைத்துவிட்டால் தாயும் இரண்டு பெண்களும் அந்தக் கூட்டத்தில் இன்னொரு ஜெர்மன் குடும்பம்தான். மொழி பிசகவில்லை. ஆனால் கையில் ஒரு தாளும் கிடையாது. வழியில் ஒரு கிராமத்துப் பாதிரியாரிடம் தாய் தாம் யூதர்கள் என்ற உண்மையை ஒளிக்காமல் சொல்லி உதவி கேட்டார். அவர் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் ஆவணங்களைக் கொடுத்தார். யாரையும் நம்பாத ஒருவர் அந்தப் பாதிரியாரை ஏன் நம்பினார் என்பதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பவேரியாவின் ஸ்ட்ராபிங் நகரை அடைந்தார்கள். ஏப்ரல் இறுதியில் அமெரிக்கப் படை நகருக்குள் வந்தது.

தெருவில் கண்ட முதல் அமெரிக்க வீரரிடம் தாய் ஆங்கிலத்தில், நாங்கள் வதை முகாமிலிருந்து தப்பி வந்தவர்கள் என்றார். அந்த வீரர் கைகளால் காதுகளைப் பொத்திக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை அவர் அதற்குள் நிறையவே கேட்டிருந்தார்.

காத்திருப்பும் குடியேற்றமும்: 1945 முதல் 1947 வரை

விடுதலை ஆனவுடன் கப்பல் ஏறிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் குடும்பம் இரண்டரை ஆண்டு காத்திருந்தது. பாலஸ்தீனம் இன்னும் பிரிட்டிஷ் கட்டுப்பாட்டில். அங்கே போகத்தான் சிறுமி விரும்பினாள். தாய் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார். பழைய ஒதுக்கீட்டு முறை அங்கே அப்படியேதான் இருந்தது. 1945 டிசம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை, அந்த ஒதுக்கீட்டுக்குள் போரில் இடம்பெயர்ந்தோருக்கு முன்னுரிமை தந்தது. 1948 நடுப்பகுதி வரை அதன்கீழ் அமெரிக்கா சென்றவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் காத்திருந்த யூதர்கள் மட்டுமே ஏறத்தாழ இரண்டரை லட்சம்.

காத்திருந்த காலத்தை அவள் வீணாக்கவில்லை. ஒழுங்கான பள்ளிப்படிப்பே இல்லாதவள், தனியாகப் படித்து 1946இல் பள்ளி இறுதித் தேர்வு எழுதினாள். ரேகன்ஸ்பர்க்கில் கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பில் உடன் அமர்ந்தவர்களில் பலர் ஓராண்டுக்கு முன்புவரை ஜெர்மன் சீருடையில் இருந்தவர்கள். 1947 அக்டோபரில் நியூயார்க்.

தொடர்ந்து நடந்தவை

ஹன்டர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தாள். திருமணம், இரண்டு மகன்கள், மணமுறிவு, நூலகப் பணி, பிறகு ஜெர்மன் இலக்கியத்தில் முனைவர் பட்டம், பேராசிரியர் பதவி. வெளியிலிருந்து பார்த்தால் முழுமையான மீட்சி.

உள்ளே நடந்தது வேறு. வந்த புதிதில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், அங்கே நடந்ததையெல்லாம் கரும்பலகையில் எழுதியதை அழிப்பதுபோல் அழித்துவிடு என்று அறிவுரை சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அண்ணன், தந்தை, தோழிகள் எல்லோரும் அந்தப் பலகையில்தான் இருந்தார்கள். நடந்ததைப் பற்றி அவர் விரிவாகப் பேசத் தொடங்கியபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். 2016 ஜனவரி 27 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் முகாம்களில் பெண்களின் கட்டாய உழைப்பைப் பற்றிப் பேசினார். அந்த அழைப்பை ஏற்றதற்கு முக்கியக் காரணம், அப்போது ஜெர்மனி அகதிகளுக்கு எல்லையைத் திறந்ததுதான் என்றும் அங்கேயே சொன்னார். 2020இல் கலிபோர்னியாவில் காலமானார்.

என்ன மாற வேண்டும்

முதலாவது, மீட்புத் திட்டங்கள் குழந்தையை மட்டும் ஏற்பது. ஒரு நாடு குழந்தையை ஏற்க முடியுமென்றால் குறைந்தது தாயையாவது சேர்த்து ஏற்க வேண்டும். 1938-39இல் பிரிட்டனுக்கு வந்த பிள்ளைகளில் பலர் பெற்றோரை மீண்டும் பார்க்கவே இல்லை. அனுப்ப மறுத்த தாய்மார்களின் பிள்ளைகளில் பலர் இறந்தார்கள். இரண்டு துயரங்களும் அந்த ஒரே விதிமுறையிலிருந்து வந்தவை.

இரண்டாவது, பார்வையிடப் போகிறவர்களின் கடமை. காட்டியதை மட்டும் பார்த்து, கிழக்கே போன ரயில்கள் எங்கே போயின என்று கேட்காமல் எழுதிய ஓர் அறிக்கை, குடும்ப முகாமை வைத்திருப்பதற்கான காரணத்தை நாஜிகளிடமிருந்து அகற்றிவிட்டது. எழுதியவர் அதை விரும்பியிருக்க மாட்டார். ஆனால் எந்த முகாமையும் ஆய்வு செய்யப் போகிறவர், தமக்குக் காட்டப்படாத இடத்தின் பெயரைக் கேட்டு அறிக்கையில் எழுதாமல் திரும்பக்கூடாது. வந்தவர்கள் எத்தனை பேர், இருப்பவர்கள் எத்தனை பேர், வித்தியாசம் எங்கே போனது என்ற கணக்குக்கூட 1944இல் கேட்கப்படவில்லை.

மூன்றாவது, பிழைத்து வந்த குழந்தையின் பேச்சு. உணவு, விசா, கல்விக் கட்டணம் எல்லாம் கிடைத்தும், கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் கிடைக்கவில்லை. காதைப் பொத்திய வீரரிலிருந்து அழிக்கச் சொன்ன உறவினர்வரை எல்லோரும் அவளுக்கு நன்மை செய்ய நினைத்தவர்களே. குழந்தை பேச விரும்பும்போது பேச ஓர் ஆள் ஏற்பாடு செய்வது மறுவாழ்வின் முதல் மாதத்திலேயே நடக்க வேண்டிய வேலை. பேச வற்புறுத்துவதும் கூடாது.

கடைசியாக, இறந்தவர்களைத் தேடும் பணி. தந்தை ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார் என்றே அவர் பல பத்தாண்டுகள் நம்பி, அந்த மரணத்தை மனத்தில் திரும்பத் திரும்பக் கண்டுகொண்டிருந்தார். உண்மையில் தந்தை பாரிஸ் அருகே உள்ள டிரான்சி முகாமிலிருந்து 1944 மே 15 அன்று புறப்பட்ட 73ஆம் ரயிலில் போனவர். 878 ஆண்கள் ஏற்றப்பட்ட அந்த ரயில் ஆஷ்விட்ஸுக்குப் போகவில்லை. லிதுவேனியாவின் கௌனாஸுக்கும் எஸ்தோனியாவின் தாலினுக்கும் போனது. திரும்பியவர்கள் 22 பேர். பிரான்சிலிருந்து கடத்தப்பட்டவர்களின் பட்டியல்களை ரயில்வாரியாகத் தொகுத்து 1978இல் பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் வெளியிட்டார். ஆனால் அந்தச் செய்தி மகளை எட்டியது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். பட்டியலை வைத்திருக்கும் அலுவலகம், குடும்பத்தார் தேடி வரட்டும் என்று காத்திருக்காமல், பெயர் பெயராகப் பிடித்து உயிரோடிருப்பவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும்.